எங்கள் குடியிருப்பின் வாயில் செயலி: ஓராண்டு அனுபவம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் நாங்கள் வசிக்கும் 64 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இரண்டு சைக்கிள்கள் காணாமல் போனதைத் தொடர்ந்து, வருவோர் போவோரைப் பதிவு செய்யும் செயலி ஒன்றைச் சங்கத்தார் சென்ற ஆண்டு வாங்கினார்கள். வீட்டுக்கு மாதம் 35 ரூபாய் கட்டணம். இதுபோன்ற செயலிகள் இந்நகரில் பரவிவிட்டதால், வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

வாயிற்காவல் வேலையை இது ஒழுங்காகவே செய்கிறது. கூரியர்காரர் வந்தால் கைப்பேசியில் கேட்டு அனுமதிக்கிறது. விருந்தினருக்கு முன்கூட்டியே எண் அனுப்பிவிடலாம். குழந்தை தனியாக வெளியே போனால் தகவல் வருகிறது. இந்த அளவில் எனக்குக் குறையேதும் இல்லை.

என் வருத்தம் இதிலுள்ள ‘எச்சரிக்கைப் பலகை’ பற்றியது. யார் வேண்டுமானாலும் தம் பெயரை மறைத்துக்கொண்டு ஒரு புகைப்படத்தைப் போட்டு ‘சந்தேகத்துக்குரிய நபர்’ என்று குறித்துவிடலாம். அடுத்த நொடியில் 64 வீட்டுக் கைப்பேசிகளும் அபாய ஒலியுடன் அலறும். சென்ற மே மாதம், மூன்றாம் மாடிக் குடும்பத்துப் பெண்ணின் அண்ணன் கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழப் பையுடன் வந்தார். லிஃப்ட் ஓடாததால் படியேறி வந்து, மூச்சு வாங்க நின்று, கதவு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவரை யாரோ படமெடுத்துப் பலகையில் போட்டுவிட்டார்கள். சிறிது நேரத்தில் இரண்டு இளைஞர்கள் அவருடைய பையை வாங்கித் தரையில் கொட்டிச் சோதித்தார்கள். அந்தப் பதிவின் கீழ் ‘கவனமாக இருங்கள்’ என்று எழுதியவர்களில் நானும் ஒருத்தி. மறுநாள் நேரில் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆறு ஆண்டுகளாக என்னை ‘அக்கா’ என்றே அழைத்துவந்தவர், “பரவாயில்லைங்க” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

2018 மே மாதம் இதே நகரின் சாமராஜப்பேட்டைப் பகுதியில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த இளைஞர் ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. நாட்டின் பல இடங்களில் நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பின், அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. இந்தச் செயலியிலோ அப்படியொரு கடிவாளம் இல்லை. சந்தேகம் தவறு என்று தெரிந்த பிறகு பதிவை நீக்கலாமே தவிர, திருத்தத்தை அதே அபாய ஒலியுடன் அனுப்ப வழியில்லை.

வீட்டுவேலை செய்பவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் வசதி இதைவிடக் கொடியது. கே.ஆர்.புரத்திலிருந்து பேருந்தில் வந்து நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா ஒருவரை, ஒரு வீட்டில் மோதிரம் காணவில்லை என்றதும் ஒரே பொத்தானில் முடக்கிவிட்டார்கள். காரணம் எழுதக் கட்டம்கூட அதில் இல்லை. காலை ஏழு மணிக்கு வாயிலில் நின்றபோதுதான் தமக்கு அனுமதி இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது. நான்காம் நாள் மோதிரம் அதே வீட்டு அரிசி டப்பாவில் கிடைத்தது. ஆனால் தடையை நீக்கும் அதிகாரம் செயலாளரிடம் மட்டும் இருந்தது. அவர் வெளியூரில் இருந்ததால் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் இரண்டு வீட்டார் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு நான் மூன்று முறை எழுதினேன். சங்கத்தைக் கேளுங்கள் என்பதே பதில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடியிருப்பவர்களின் பெயர், வீட்டு எண், வண்டி எண் ஆகிய மூன்றையும் இந்தச் செயலி எல்லோருக்கும் காட்டுகிறது. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் இந்நகரில் தேடித்தேடிக் கொளுத்தப்பட்டதை அறிந்தவர்களுக்கு, இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1991 டிசம்பர்க் கலவரத்தின்போது நான் ஸ்ரீராமபுரத்தில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு போய்த் தம் வீட்டில் ஒளித்துவைத்து, எங்களைப் பின்கட்டு அறையில் இரண்டு இரவு தங்கவைத்து, தெருவில் வந்த கூட்டத்திடம் இங்கே வேறு யாருமில்லை என்று கன்னடத்தில் சொல்லித் திருப்பியனுப்பியவர் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா. நாங்கள் யார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்ததால்தான் பிழைத்தோம்.

ஆகவே வாங்குபவர்கள் வருகைப் பதிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எச்சரிக்கைப் பலகை, நட்சத்திர மதிப்பெண், வண்டிப் பட்டியல் ஆகியவற்றை நிறுவும் நாளிலேயே மூடச் சொல்லுங்கள். எங்கள் பொதுக்குழுவில் நான் கேட்டபின் பலகையை மூடிவிட்டார்கள். மற்ற இரண்டும் இன்னும் இருக்கின்றன. வீட்டுவேலை செய்யும் அந்தத் திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா இப்போது எங்கள் வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் மட்டும் வருகிறார். அவர் எண்ணை அழுத்தும்போதெல்லாம், முன்பு தடை செய்யப்பட்டவர் என்ற சிவப்பு வரி காவலரின் திரையில் வருகிறது. அவர் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்.