நங்கநல்லூரா, முடிச்சூரா?

சென்னை நங்கநல்லூரில் அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் மாமரம் வைக்க இடமுள்ள தனிவீட்டையே பார்க்கலாம். ஆனால் அங்கே வீட்டைவிட முதலில் தெருவைப் பாருங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தார் சுவரில் கைவைத்தே காட்டுவார்கள். வீட்டின் தரை சாலையைவிட உயரமா என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் வீடு தாழ்ந்துகொண்டே போகும்.

நங்கநல்லூருக்குப் பழவந்தாங்கல் மின்சார ரயில், மெட்ரோ, நடை தூரத்தில் கோயில்கள். மீனம்பாக்கத்து விமான இரைச்சல் உண்டு, பழகிவிடும். முடிச்சூர்க்காரர் ரயிலேற முதலில் தாம்பரமோ பெருங்களத்தூரோ வரவேண்டும். வயதான பெற்றோர் உடனிருந்தால் என் ஓட்டு நங்கநல்லூருக்கே. தோட்டமும் நாயும் வேண்டுமென்பவர்கள் முடிச்சூரில் மேடான தெருவாகத் தேடட்டும்.