ஜெட் ஸ்கியில் குறை இல்லை, டிரெய்லர்தான் உயிரை வாங்குகிறது

ஜெட் ஸ்கியை, அதாவது தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டரை, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லரின் சக்கர பேரிங் மறுபடியும் போய், மாற்றிக்கொண்டு வந்த அன்றைக்கே நண்பர் ஒருவர் போன் செய்து, "செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜெட் ஸ்கி விலை இறங்கி வந்திருக்குண்ணா, வாங்கலாமா?" என்று கேட்டார். நேரம் பார்த்துத்தான் கேட்டார்.

என்னுடையது யமஹா விஎக்ஸ், 1,049 சிசி. இன்றுவரை அது என்னை நடுத்தண்ணீரில் நிறுத்தியதில்லை. கடலில் ஓட்டிய பிறகு நல்ல தண்ணீர் பைப்பைச் சொருகிக் கழுவினால் போதும். ஆனால் இன்ஜினை ஓடவிட்ட பிறகுதான் பைப்பைத் திறக்க வேண்டும், பைப்பை மூடிய பிறகுதான் இன்ஜினை நிறுத்த வேண்டும், மாறினால் தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறிவிடும்.

சிக்கல் என்னவென்றால் நாம் இருப்பது சேலம். ஏற்காடு ஏரியில் விடலாமே என்று கேட்பவர்கள், 20 கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். மேட்டூர் பக்கம்தான், ஆனால் அணைத் தண்ணீரில் நினைத்தவுடன் இறக்க முடியாது. ஆக ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை தாண்டிப் புதுச்சேரிப் பக்கம், 200 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் வெயிலில்.

டிரெய்லர் சக்கரம் சின்னது, கார் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும், பேரிங் உட்கார்ந்திருக்கும் நடுப்பகுதியான ஹப் நன்றாகச் சூடேறிவிடும். ஸ்கியை மிதக்கவிட டிரெய்லரை அந்தச் சூட்டோடு தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் திறந்து பார்த்தால் கிரீஸ் பால் காபி மாதிரி இருக்கும். அடுத்த பயணத்தில் பேரிங் கத்த ஆரம்பிக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்குகிறேன், மரைன் கிரீஸ்தான் போடுகிறேன், டீ குடிக்க நிறுத்தும் இடமெல்லாம் ஹப்பைத் தொட்டுப் பார்க்கிறேன், ஒரு முழு ஹப்பும் டிரெய்லருக்குப் பொருந்துகிற ஜாக்கியும் டிக்கியிலேயே கிடக்கின்றன. இத்தனைக்கும் பிறகும் போகிறது. செய்து கொடுத்த பட்டறைக்காரரைக் கேட்டால் "ரோடு சரியில்லீங்க" என்கிறார். துருப்பிடிக்காத எஃகு தயாரிக்கிற ஊரில் இருந்துகொண்டு, பெயின்ட் மட்டும் அடித்த சாதா இரும்பில் சட்டம் செய்து கொடுத்த மனிதர் ரோட்டைக் குறை சொல்கிறார்!

ஸ்கியை டிரெய்லரோடு கட்டும் பெல்ட் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். முன்பக்கம் ஸ்கியை இழுத்துப் பிடிக்கும் வின்ச் மட்டும் போதாது, பின்னால் இரண்டு பக்கமும் தனித்தனியாக, இறுக்கிப் பூட்டும் ரேச்செட் பெல்ட் வேண்டும். தண்ணீரில் இறக்கும் முன் டிரெய்லர் லைட் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

ஓட்டுவதில் பயமுறுத்துகிற விஷயம் ஒன்றுதான். திராட்டிலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, விட்டுவிட்டால் ஹேண்டில் பாருக்கு வேலையே இல்லை, வண்டி போன திசையிலேயே போகும். எதிரே படகு வந்தால் புதியவர் கை தானாகவே திராட்டிலை விடும், அங்கேதான் இடிக்கிறார்கள். கொஞ்சம் திராட்டில் கொடுத்தபடியே திருப்பப் பழக வேண்டும். ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றை லைஃப் ஜாக்கெட்டில் மாட்டாமல் என் வண்டியில் யாரும் ஏற முடியாது, மச்சானாக இருந்தாலும் சரி.

நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்காதீங்க. கடலோரத்தில் வீடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், சேலத்தில் வேண்டாம். "அப்ப உங்களுதைக் கொடுத்துடுங்களேன்" என்றார். டிரெய்லரை வேண்டுமானால் இன்றைக்கே எடுத்துக்கொள்ளட்டும், ஸ்கியைத் தருவதாக இல்லை.