ஐ7 ஸ்டிக்கரை நம்பி ஏமாந்த கதை

லேப்டாப்பில் 'ஐ7' என்ற ஸ்டிக்கரைப் பார்த்தேன். இன்டெல் நிறுவனத்தின் புராசசர் (கணினியின் மூளை) வரிசையில் ஐ5-க்கு மேலே இருப்பது ஐ7. அதற்குப் பின்னால் வரும் நான்கு எண்களைப் பார்க்கவில்லை. நான் ஏமாந்தது இவ்வளவுதான்.

நான் செய்வது புத்தக அட்டை, துண்டறிக்கை வடிவமைக்கும் வேலை. 2025 நடுவில் பழைய லேப்டாப் படுத்துவிட்டது. கடையில் போய் என் பட்ஜெட்டை மட்டும் சொன்னேன். என்ன வேலைக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "இந்தக் காசுக்குப் புதுசு ஐ5தான் சார் வரும். ஆனா ஒரு ஐ7 இருக்கு. புதுசுதான், பெட்டி மட்டும் பிரிச்சது" என்றார் ஒருவர். ஆன் செய்து காட்டினார். சட்டென்று திறந்தது. பளபளவென்று இருந்தது. உள்ளே விண்டோஸ் 10. "அப்புறம் 11 இலவசமா அப்டேட் ஆயிடும்" என்றார். புது லேப்டாப்பில் ஏன் பழைய விண்டோஸ் என்று அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஐ5 விலைக்கு ஐ7 கிடைக்கும் மயக்கத்தில் உறைக்கவில்லை.

முதல் அடி திரையில் விழுந்தது. நான் பார்த்துப் பார்த்து வைத்த சிவப்பு, அச்சில் வேறு சிவப்பாக வந்து நின்றது. திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறுகிறது. அது டிஎன் என்ற மலிவு வகைத் திரை. நிறத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு, சாய்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் திரைதான் வேண்டும், அதிலும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவுகோலில் உள்ள நிறங்களில் எத்தனை சதவீதம் காட்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ஐ7 என்றால் மற்றதெல்லாம் தானாக நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

குட்டு வெளிப்பட்டது அக்டோபரில். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. சரி, 11-க்குப் போகலாம் என்று பார்த்தால், இந்தப் புராசசருக்கு முடியாது என்றது கணினி. அப்போதுதான் புராசசரின் முழுப் பெயரைப் படித்தேன்: ஐ7-7500யூ. 7500-இன் தொடக்கத்து 7 ஏழாம் தலைமுறையைக் குறிக்கிறது. 2016-இல் வந்த சரக்கு, இரண்டே கோர் (புராசசருக்குள் வேலை செய்யும் பகுதி). அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஐ5-8250யூ-வில் நான்கு கோர். அதாவது 'ஐ5தான் வரும்' என்று அவர் இளக்காரமாகச் சொன்ன புது ஐ5, என்னுடைய ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். விண்டோஸ் 11, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும்.

பிறகு ஒவ்வொன்றாகத் தோண்டினேன். அடியில் இருந்த சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால், வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது. விண்டோஸிலேயே எடுக்கக்கூடிய பேட்டரி அறிக்கையில், உருவாக்கியபோது இருந்த கொள்ளளவில் பாதிதான் இப்போது நிற்கிறது. கோப்புகளைச் சேமிக்கும் வேகமான எஸ்எஸ்டி மட்டும் புதிது. தந்திரமே அதுதான். பழைய கணினியில் புது எஸ்எஸ்டி போட்டால் ஆன் செய்ததும் குதிரை மாதிரி கிளம்பும். கடையில் நின்று நாம் சோதிப்பதும் அது ஒன்றைத்தானே!

பில்லோடு போனேன். பில்லில் 'ஐ7 லேப்டாப் - 1' என்று மட்டும் இருந்தது. மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை, புதியது என்ற சொல்லும் இல்லை. "நாங்க புதுசுன்னு சொல்லவே இல்லையே சார்" என்றார், அன்று விற்ற அதே ஆள். வாதாடக் கையில் ஒன்றும் இல்லை.

பழுது நீக்கி விற்பதில் தப்பில்லை, சொல்லி விற்றால். அப்படிச் சொல்லி விற்பதையும் சீரியல் எண் பில்லில் ஏறாமல் வாங்காதீர்கள். கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் புராசசரின் முழுப் பெயர், ராம் (தற்காலிக நினைவகம்) எவ்வளவு, அது எத்தனை ஸ்லாட்டில் செருகியிருக்கிறது எல்லாம் வந்துவிடும். ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கமும் எண் விளையாட்டு உண்டு. ரைசன் 5 7520யூ என்றால் முதல் 7-ஐப் பார்த்துப் புதிது என்று தோன்றும். மூன்றாவது இலக்கம் 2, அதாவது உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. தட்டச்சு, வகுப்பு, இணையம் என்றால் அதுவே தாராளம். வீடியோ எடிட்டிங் என்று சொல்லி அதைத் தலையில் கட்டினால்தான் வம்பு. இன்னொன்று, '1 டிபி' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, அதில் பெரும்பகுதி ஓராண்டு கிளவுட் சேமிப்பு என்று பொடி எழுத்தில் போடுவார்கள். கணினிக்குள் இருப்பது இஎம்எம்சி என்ற மலிவான, மெதுவான சேமிப்பகம் 128 ஜிபி-யாக இருக்கும்.

என் ஐ7-இல் இப்போது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது. கணக்கு எழுதவும் மின்னஞ்சல் பார்க்கவும் ஆகிறது. அட்டையின் நிறத்தை மட்டும் நண்பர் வீட்டு மானிட்டரில் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன்.