டவுன் பஸ்ஸா, மினி பஸ்ஸா, ஷேர் ஆட்டோவா? எங்க ஊருக்கு எது சரிப்படும்

எங்க ஊரு வலங்கைமான் பக்கம். மெயின் ரோட்டுல இறங்கி வாய்க்கா கரையோட மூணு கிலோமீட்டர் உள்ள வரணும். ஊருக்கு பஸ் வேணும்னு எல்லாரும் சொல்றோம், எந்த பஸ்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, போன வாரம் டீக்கடையில இதுக்கு சண்டையே வந்துடுச்சு.

மொதல்ல டவுன் பஸ். 2018 ஜனவரில கட்டணம் ஏத்துனப்ப மினிமம் டிக்கெட்டு 3 ரூபாயிலேர்ந்து 5 ரூபா ஆச்சு, அப்புறம் 2021 மே மாசத்துலேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. பக்கத்து வீட்டு அத்தை கீரைக்கட்டும் வாழைப்பூவும் தூக்கிட்டு கும்பகோணம் போயி வித்துட்டு வருது, முன்னாடி போக வர பஸ் காசு போக மிச்சம் என்னன்னு விரல் விட்டு எண்ணும், இப்ப அந்தக் காசு அப்படியே மடியில நிக்குது. இத எந்த மினி பஸ்ஸும் ஆட்டோவும் ஈடு கட்ட முடியாது. பிரச்சனை என்னன்னா காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுதான் வருது, அதுலயும் முகூர்த்த நாள்னா ட்ரிப் கட், ஃப்ரீ டிக்கெட்ட கையில வச்சிக்கிட்டு ரோட்டப் பாத்து உக்காந்திருக்கணும்.

அதவிட பெரிய இழப்பு நைட் ஹால்ட் பஸ் நின்னு போனது. ராத்திரி ஒம்பதரைக்கு வந்து பிள்ளையார் கோயில் முன்னாடி நிக்கும், டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத்து திண்ணையில படுப்பாங்க, யாராவது ஒரு வீட்டுலேர்ந்து கொழம்பு போவும். விடியக்காலைல அஞ்சு மணிக்கு அது எடுத்தா நாத்தனார் வீட்டுக்குப் போறவங்களேர்ந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல ஓபி சீட்டு போடுற கெழவர் வரைக்கும் எல்லாரும் அதுலதான். இப்ப அந்த நேரத்துக்கு யார் வீட்டு டிவிஎஸ் எக்ஸெல்லாவது கெஞ்சணும்.

மினி பஸ் புதுசு இல்ல, 1997லயே வந்ததுதான். புது திட்டத்த 2025 ஜூன் 16ல நம்ம தஞ்சாவூர்லதான் தொடங்கி வச்சாங்க. ஒரு ரூட்டு 25 கிலோமீட்டர் வரைக்கும் போகலாம், ஆனா அதுல 65 சதவீதமாவது வேற பஸ் ஓடாத ரோடா இருக்கணும். 4 கிலோமீட்டருக்கு 4 ரூபா, 20 கிலோமீட்டருக்கு 10 ரூபா. டெல்டாவுக்கு இந்த சைஸ் வண்டி ரொம்ப பொருத்தம்ங்க. எங்க மதகுல பெரிய பஸ் திரும்பணும்னா ரெண்டு தடவ ரிவர்ஸ் அடிக்கணும், அறுப்பு நேரத்துல பாதி ரோட்டுல நெல்லு காயுது, கொள்முதல் நிலையத்துக்கு வந்த லாரி மீதிய அடைச்சி நிக்குது, மினி பஸ்ஸு எப்படியாவது பூந்து வந்துடும். ஆனா தனியார் வண்டி, பொம்பளைங்களுக்கு ஃப்ரீ கிடையாது, ஓனருக்கு கலெக்‌ஷன் வேணும். காலைல எட்டு மணிக்கு ஒழுங்கா வருவான், ராத்திரி எட்டு மணிக்கு நாலு பேருக்காக வருவானான்னு கேட்டா எனக்கு நம்பிக்கை இல்ல.

ஷேர் ஆட்டோ தலைக்கு 20 ரூபா, ஆளு சேந்தாதான் எடுப்பாரு. காசு கூடன்னு எல்லாரும் திட்டுறோம், அந்த அண்ணன் சிரிச்சிக்கிட்டே "பத்து மணிக்கு மேல என்னையத்தானடா கூப்புடுவீங்க"ன்றாரு, வாஸ்தவந்தான். நடவுக்குப் போற பொம்பளைங்க கதை வேற, லோடு ஆட்டோல பின்னாடி நின்னுக்கிட்டே இருபது பேரு போறாங்க. சரக்கு வண்டில ஏறுன ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் வாங்குறது பெரும்பாடு. வேலை எந்த ஊர் வயல்லன்னு முந்தின நாள் ராத்திரிதான் தெரியும், அதனால அவங்களுக்கு எந்த ரூட் பஸ்ஸும் முழுசா ஒத்து வராது.

கணக்கு போட்டு பாத்தா அத்தை மெயின் ரோடு வரைக்கும் மினி பஸ்ல 4 ரூபா, அங்கேர்ந்து டவுன் பஸ் ஃப்ரீ, போக வர 8 ரூபா. ஆட்டோன்னா 40. அதனால பகல்ல மினி பஸ்ஸே போதும்னு நான் சொல்றேன், ஒரே கண்டிஷன், மெயின் ரோட்டுல டவுன் பஸ் வர்ற நேரத்துக்கு அது வந்து சேரணும், அஞ்சு நிமிஷம் முன்னாடி டவுன் பஸ் போயிட்டா அந்த 4 ரூபாயும் தண்டம். விடியக்காலையும் ராத்திரியும் லாபம் பாத்து யாரும் வண்டி ஓட்ட மாட்டாங்க, அத அரசு பஸ்தான் செய்யணும்.

டீக்கடையில பாதிப் பேரு நாள் முழுக்க டவுன் பஸ்ஸேதான் வேணும்னு இன்னும் நிக்கிறாங்க. அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானம் போடுறப்ப அஞ்சு மணி பஸ்ஸ மொதல் வரியா எழுதச் சொல்லிருக்கேன், மினி பஸ் டைமிங் ரெண்டாவது. அத்தை மூணாவதா ஒண்ணு சேக்கச் சொல்லுது, கீரைக்கூடைக்கு லக்கேஜ் கேக்கக் கூடாதாம்.