இரைச்சலை மட்டும் அதன் கையில் விடாதீர்கள்: ஸ்பார்ஸ் பேசியனோடு மூன்று வருடம்

ஸ்பார்ஸ் பேசியன் கற்றல் என்பது, குறைந்த அளவீடுகளிலிருந்து, பெரும்பாலும் பூஜ்யமான கெழுக்கள் கொண்ட சமிக்ஞையை நிகழ்தகவு வழியில் மீட்கும் முறை. அதை முன்வைத்த மைக்கேல் டிப்பிங்கின் 2001 கட்டுரையைப் படித்துவிட்டு நானும் ஓர் ஆசையோடுதான் வந்தேன். லாஸோ என்ற இன்னொரு முறையில் லாம்டாவை (கெழுக்களை எவ்வளவு ஒடுக்குவது என்ற எண்ணை) தேடி அலைந்தது போதும், இங்கே எல்லாம் தானே கற்றுக்கொள்ளும் என்ற ஆசை. சுருக்கி அனுப்பிய ஈசிஜியை மீட்க மூன்று வருடமாக இதைத்தான் ஓட்டுகிறேன். ஆசை பாதி நிறைவேறியது.

சமிக்ஞையை ஆக்கும் ஒவ்வொரு கெழுவுக்கும் ஒரு காமா, அதாவது அந்தக் கெழுவின் முன்பரவல் மாறுபாடு; அது பூஜ்யமானால் கெழுவும் பூஜ்யம். 256 கெழு என்றால் 256 ஹைபர்பாராமீட்டர் (மாதிரியை ஆளும் அமைப்பு எண்). அவற்றை நான் தொட்டதே இல்லை. வேண்டாதவை சுழற்சிக்குச் சுழற்சி தாமாகவே சுருங்கிப் பூஜ்யத்தை ஒட்டிவிடும். காமாவைப் புதுப்பிக்கும் விதிகளில் இஎம் (எதிர்பார்ப்பு-பெருமமாக்கல்) விதி நத்தை, ஆனால் தடம் மாறாது. மெக்கே விதி வேகம். நான் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பேன்.

வில்லங்கம் இரைச்சலின் மாறுபாட்டில். என்னிடம் இருப்பது 128 அளவீடு, தெரியாதவை 256. சமிக்ஞையைச் சுருக்கும் அணி (மேட்ரிக்ஸ்) தற்போக்கானது என்பதால், எல்லா காமாவிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சமிருந்தாலே அதுவும் வெள்ளை இரைச்சல் போலத்தான் தெரியும். எது எது என்று பாவம் அதற்கு எப்படித் தெரியும்? இரைச்சல் மாறுபாட்டைத் தானே கற்கவிட்டால் அதன் மதிப்பு பூஜ்யத்தை நோக்கிச் சரியும். தட்டையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் முள் முள்ளாக வரும். பயந்து அதிகமாக வைத்தால், துடிப்பின் தொடக்கத்தில் வரும் சிறிய பி அலையையே விழுங்கிவிடும். இப்போதெல்லாம் சுருக்காத மாதிரிப் பதிவில், துடிப்பின் முடிவில் வரும் டி அலைக்கும் அடுத்த பி அலைக்கும் இடையிலான அமைதியான பகுதியிலிருந்து அளந்து நானே நிர்ணயிக்கிறேன். அணியின் நெடுவரிசைகளின் நீளத்தை ஒன்றாக்கியிருந்தால் அந்த மதிப்பை இரண்டால் பெருக்க வேண்டும் (256 மாதிரிகளின் இரைச்சலும் 128 அளவீட்டுக்குள் மடிவதால் 256/128). இதை மறந்து ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

இன்னொரு கூத்து அலகு. எம்ஐடி-பிஐஎச் என்ற பொது ஈசிஜி தரவுத்தொகுப்பின் பதிவுகளில் ஒரு மில்லிவோல்ட் என்பது 200 அலகு. அந்த அலகிலேயே, காமா 0.01க்குக் கீழே போனால் வெட்டு என்று வைத்திருந்தேன், நன்றாக ஓடியது. அப்புறம் மில்லிவோல்டுக்கு மாற்றினேன். துடிப்பின் உயரமான கூர்முனையான க்யூஆர்எஸ் மட்டும் கம்பம் போல நிற்க, சின்ன அலைகள் எல்லாம் காணோம். இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். காமா வர்க்கத்தில் மாறும், அதாவது 40,000 மடங்கு, என் 0.01 பி அலையின் கழுத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு துண்டையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுத்த பிறகுதான் உள்ளே விடுகிறேன். இரைச்சல் மாறுபாட்டையும் அதற்கேற்ப, வர்க்கத்தால், வகுக்க வேண்டும்.

காமா பரவல் என்ற முன்பரவலின் (மேலே சொன்ன காமா வேறு) a, b என்ற இரண்டு எண்களையும் பத்தின் அடுக்கு மைனஸ் 6 என்று விட்டுவிட்டேன். அதில் நேரம் போக்கிப் பலனில்லை. புதுத் தரவு வந்தால் இரைச்சல் மதிப்பைப் பாதியாக்கி ஒருமுறை, இரட்டிப்பாக்கி ஒருமுறை ஓட்டி, பி அலை இரண்டிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.