எக்ஸ்சேஞ்ச் வருடத்துக்கு கேம்பஸ் தேர்வு: மதுரை கன்சல்டன்சி ஒன்று, கல்லூரி ஆபீஸ், அப்புறம் இல்மெனாவ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி மூலமாக எக்ஸ்சேஞ்சில் ஒரு வருடம் வெளிநாடு போகிற பிள்ளைக்கு கன்சல்டன்சி தேவையே இல்லை. பைபாஸ் ரோடு, கே.கே. நகர், அண்ணா நகர் என்று மதுரையில் எங்கே திரும்பினாலும் போர்டு தொங்குகிறதே, அதில் ஒன்றுக்கு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஒன்றரை மார்க். அவள் படிக்கிற கல்லூரியின் சர்வதேசத் தொடர்பு ஆபீசுக்கு நாலு. கடைசியில் அவள் தேர்ந்தெடுத்துப் போன ஜெர்மனியின் இல்மெனாவ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு நாலரை.

கன்சல்டன்சியில் உபசரிப்புக்கு ஒரு குறையும் இல்லை, ஏசி, காபி, மரியாதையான பேச்சு எல்லாம் இருந்தது. ஆனால் கவுன்சலர் தம்பி உட்கார்ந்ததும் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி ரேங்கிங் பட்டியலைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். பட்ஜெட் எவ்வளவு, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதியாச்சா, பாஸ்போர்ட் இருக்கா, இதையெல்லாம் கேட்டார். இவள் எந்த செமஸ்டர், அங்கே என்ன பேப்பர் எடுக்கப் போகிறாள், அதை இங்கே கிரெடிட்டாக ஏற்றுக்கொள்வார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே எடுத்துச் சொன்னபோது, "எக்ஸ்சேஞ்சுல என்ன சார் இருக்கு, டிகிரியா தரப் போறாங்க? பேசாம மாஸ்டர்ஸுக்கே போட்ருவோம்" என்றார். அது வேண்டாம் என்றதும் ஒரு செமஸ்டர் முழுக் கட்டணம் கட்டிப் படிக்கிற ஏதோ ஒரு திட்டத்தை நீட்டினார். பதிவுக் கட்டணம் வேறு, திரும்பத் தர மாட்டார்களாம். படியிறங்கும்போது பிள்ளை சொன்னதுதான் சரி: "மாமா, அங்கிட்டுப் போயி நான் என்ன படிக்கப் போறேன்னு கடைசி வரைக்கும் கேக்கவே இல்லையே."

இதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் பட்டப்படிப்புக்கு ஆள் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கும். எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டு கல்லூரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம், நடுவில் யாருக்கும் பங்கு கிடையாது. பிள்ளை வழக்கம்போல இங்கே ஃபீஸ் கட்டும், அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. இது பலருக்குப் புரிவதில்லை. அந்தத் தம்பி எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் போட்டிருந்தார். 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வருகிற மாணவர்களுக்கு அங்கே செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கட்டணம் வந்தது உண்மைதான், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்திலும் 2017-லிருந்து 1,500 யூரோ வாங்குகிறார்கள். அதெல்லாம் பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு. ஒப்பந்தத்தின்படி போகிற எக்ஸ்சேஞ்ச் பிள்ளை அந்தக் கணக்கில் வராது. இந்த ஒரு விஷயம் தெரியாமலே எத்தனையோ வீட்டில் "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று பேச்சை முடித்திருப்பார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கல்லூரி ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், தேர்வுப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேடம், சுவரில் ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகங்களின் பட்டியல். அந்த மேடம் எடுத்ததும் கேட்டது "அரியர் இருக்காம்மா?" அடுத்தது "பிளேஸ்மென்ட் உட்காரணுமா, மேல படிக்கணுமா?" இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி விஷயம் தெளிவாகிவிட்டது. முந்தைய பேட்சில் போய்வந்த பையனின் நம்பரையும் அவனிடம் கேட்டுவிட்டுத் தந்தார். ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம், மெயிலுக்குப் பதில் வராது, நேரில் போய் நின்றால்தான் வேலை நடக்கும்.

பட்டியலில் இவளுக்குப் பொருந்தியது மியூனிக், இல்மெனாவ், ஸ்வீடனின் லூலியோ, சிங்கப்பூர் நன்யாங். வீட்டில் எல்லோரும் மியூனிக் என்றார்கள், பேர் பெரிது. ஆனால் மியூனிக் என்று பேர் இருந்தாலும் இவளுக்கு வேண்டிய மெக்கானிக்கல் துறை நகரத்துக்குள் இல்லை, வடக்கே கார்ஷிங்கில் இருக்கிறது, நகரிலிருந்து யு6 ரயிலில் அரை மணி நேரம். அதுகூடப் பெரிய விஷயமில்லை. ரூம்தான் பிரச்சினை. ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான ஊர் அது, மாணவர் விடுதிக்குக் காத்திருப்போர் வரிசை செமஸ்டர் கணக்கில் நீளும். ஒரு வருடத்துக்குப் போகிறவள் அதில் பாதி வருடம் ரூம் தேடி அலைந்தால் எதற்குப் போவது? கேம்பஸ் எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன்னால், எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு விடுதியில் இடம் ஒதுக்குகிறார்களா, இல்லை "நீயே பார்த்துக்கொள்" என்கிறார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நெதர்லாந்தில் இதைவிட நெருக்கடி, ரூம் கிடைக்காவிட்டால் வராதீர்கள் என்று பல்கலைக்கழகங்களே சொன்ன ஊர் உண்டு.

லூலியோவில் டிசம்பரில் பகல் வெளிச்சம் மூன்று மணி நேரத்தை ஒட்டித்தான். சித்திரை வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அது பழகும் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நன்யாங்கைத் தள்ளத்தான் எனக்கு மனசே வரவில்லை. கேம்பஸுக்குள்ளேயே விடுதி, எல்லாவற்றையும்விட அங்கே செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, அப்புறம் ஜனவரியிலிருந்து மே. நம் கல்லூரிக் காலண்டரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பிளேஸ்மென்ட், பரீட்சை எதுவும் பெரிதாக இடிக்காது. ஒரே ஒரு செமஸ்டர் போகிற பிள்ளை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சிங்கப்பூர் என்பேன்.

இவள் கேட்டது வேறு. மெக்கட்ரானிக்ஸ், நுண்ணளவு இயந்திரங்கள், அளவீட்டுக் கருவிகள் பக்கம் போகணும் என்று ரெண்டாம் வருடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள், இல்மெனாவ் அதற்குப் பேர் போனது. இருந்தாலும் பேரை வைத்து முடிவு செய்யவில்லை. பல்கலைக்கழகத் தளத்தில் பாடத்திட்டத் தொகுப்பைத் திறந்து ஒவ்வொரு பாடமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் பயிற்றுமொழி, குளிர்காலமா கோடைகாலமா, எத்தனை கிரெடிட் என்று போட்டிருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜெர்மனியில் இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான், ஆங்கிலப் பாடங்கள் அதிகமும் முதுநிலையில். கல்லூரிப் பட்டியலில் பேர் இருப்பதால் மட்டும் உங்கள் பிள்ளைக்குப் பாடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இறுதியாண்டு மாணவி என்பதால் முதுநிலைப் பாடங்கள் சிலவற்றை எடுக்க விடுவார்களா என்று மெயில் போட்டுக் கேட்டாள், விடுவோம் என்று பதில் வந்தது. அந்தப் பாடங்கள், ஒரு புராஜெக்ட், ஜெர்மன் மொழி வகுப்பு, மூன்றும் சேர்த்து செமஸ்டருக்கு 30 கிரெடிட் தேறியது. ஐரோப்பாவில் முழுநேரப் படிப்பு என்றால் அதுதான் அளவு.

அதை இங்கே ஹெச்.ஓ.டி.யிடம் கொண்டுபோய் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று ஒவ்வொன்றாகக் கையெழுத்து வாங்கியதுதான் மொத்தத்திலும் கஷ்டமான வேலை. இந்தப் பாடப் பட்டியலைத்தான் படிப்பு ஒப்பந்தம் (லேர்னிங் அக்ரிமென்ட்) என்கிறார்கள், அதில் மாணவி, நம் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். கிளம்புவதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அங்கே பாஸ் பண்ணிய பாடத்தை இங்கே மறுபடி எழுதுகிற நிலைமை வரும்.

காலண்டர் மட்டும் இடித்தது. ஜெர்மனியில் குளிர்கால வகுப்பு அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும், அதன் பிறகு பரீட்சை. ஏப்ரலில் அடுத்த செமஸ்டர். இங்கே ஜூலையிலேயே ஏழாம் செமஸ்டர் தொடங்கிவிடும், கம்பெனிகளும் அப்போதுதான் வரும். பிளேஸ்மென்டை விட்டுவிட வேண்டியதுதான் என்று தெரிந்தே முடிவெடுத்தாள். அவளுக்கு மேற்படிப்பு என்பதால் சரி. வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்கிற வீடாக இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இப்போது அங்கே ரெண்டாவது செமஸ்டர் ஓடுகிறது. ஊர் அளவில் நம் உசிலம்பட்டி மாதிரிதான், நாற்பதாயிரம் பேருக்குள். துரிங்கியக் காட்டு ஓரம். விடுதியிலிருந்து வகுப்புக்கு நடந்து போகிறாள். வீடியோவில் அவள் கிச்சனைக் காட்டினாள். நாலு பேருக்கு ஒரு அடுப்படி, அலமாரியில் ஆளுக்கு ஒரு தட்டு, ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு அடுக்கு, அதில் பேர் எழுதிய ஸ்டிக்கர். குக்கர் சத்தத்துக்குப் பக்கத்து ரூம் பெண் முதல் நாள் ஓடி வந்தாளாம், இப்போது சாம்பாருக்குத் தட்டோடு வருகிறாளாம். அரிசி, பருப்பு சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். கறிவேப்பிலைக்கு எர்ஃபுர்ட் போக வேண்டும், ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாணவர்களே நடத்துகிற கிளப்புகள், மாணவர்களே நடத்துகிற வானொலி, ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை பல நாட்டு மாணவர்களைக் கூப்பிட்டு நடத்துகிற சர்வதேச மாணவர் வாரம் எல்லாம் அந்தச் சின்ன ஊரில் உண்டு. கூட்டத்தில் பின்வரிசையில் உட்காருகிற பிள்ளை இப்போது ஏதோ குழுவில் மைக் பிடிக்கிறாள். பெரிய நகரமாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அரை மார்க் ஏன் குறைத்தேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஊரே அடைத்துக் கிடக்கும், டிசம்பரில் சாயங்காலம் நாலே காலுக்கெல்லாம் இருட்டிவிடும், முதல் இரண்டு மாதம் போனில் குரலே சரியில்லை. லேப் உதவியாளர்கள், நகராட்சி ஆபீஸ் எல்லாம் ஜெர்மன்தான். மொழி தெரியாமல் போகக் கூடாத ஊர் அது, இவள் இங்கேயே ஓரளவு படித்துவிட்டுப் போனதால் தப்பித்தாள்.

பணம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: விசாவுக்கு முடக்கக் கணக்கில் (பணத்தை மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். பெரிய தொகைதான், அக்கா நகையை வைத்துத்தான் புரட்டினாள். ஆனால் அது யாருக்கும் கட்டுகிற ஃபீஸ் இல்லை, மாதம் 992 யூரோவாக அவள் கைக்கே திரும்ப வரும், அதில்தான் வாடகை, சாப்பாடு, நூறு யூரோவுக்கு மேல் போகிற மருத்துவக் காப்பீடு எல்லாம். உங்கள் கல்லூரி ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கிற எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இருந்தால் மாத உதவித்தொகையும் பயணச் செலவும் வரும், அதை முதல் நாளே கேளுங்கள். யாரும் சொல்லித்தராத ஒன்று, அங்கே வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ உண்டு. அது வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று இல்லை, ஒரே வீடாகச் சேர்ந்து இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். தபாலில் நோட்டீஸ் வந்ததும் பிள்ளை பயந்துவிட்டாள்.

அக்டோபரில் போகணும் என்றால் முந்தைய டிசம்பருக்குள் கல்லூரி ஆபீசில் பேர் கொடுத்துவிடுங்கள், கல்லூரிக்குள் தேர்வு நடந்து, அங்கே பேர் அனுப்பி, அனுமதிக் கடிதம் வந்து, அப்புறம்தான் சென்னையில் விசா. அந்த அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே விடுதிக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும்.