ஃப்ரீமேசன் லாட்ஜ்: சேருவதற்கு முன் போய்ப் பழகிப் பாருங்கள்

ஃப்ரீமேசன் லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி இல்லை, சடங்குகளோடு கூடும் ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் கிளை. அங்கே யாரும் உங்களை வலிய வந்து சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், நீங்களாகக் கேட்க வேண்டும். நான் கேட்டேன், காத்திருந்தேன், சேர்ந்தேன். மொத்தத்தில் திருப்திதான், தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் விண்ணப்பம் கொடுக்கும் முன் அந்த லாட்ஜ் ஆட்களோடு சில தடவையாவது உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிவிடுங்கள், ஏனென்றால் உள்ளே நடக்கும் கூட்டத்தை உறுப்பினர் அல்லாதவர் பார்க்கவே முடியாது, வாசலில் டைலர் என்ற காவலர் வாளோடு நிற்பார். விருந்துக்கும் பொது நிகழ்ச்சிக்கும் வெளியாட்களைக் கூப்பிடுகிற லாட்ஜ்கள் நிறைய இருக்கின்றன, அங்கேதான் மனிதர்களைத் தெரிந்துகொள்ள முடியும்.

சேரும் வேலை மெதுவாகத்தான் நகரும். உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும், சிலர் வந்து நம்மைப் பற்றி விசாரிப்பார்கள், வீட்டில் சம்மதமா என்றும் கேட்பார்கள், அப்புறம் வெள்ளை, கருப்புக் குண்டுகள் போட்டு ரகசிய வாக்கெடுப்பு. எந்த மதமானாலும் சரி, இறைநம்பிக்கை கட்டாயம். உறுதிமொழியை அவரவர் வேதநூல் மீது எடுக்கலாம். லாட்ஜுக்குள் மதச் சண்டை, அரசியல் சண்டை இரண்டுக்கும் தடை. வெளியே ஒரே மேசையில் உட்காரவே மாட்டார்கள் என்று நான் நினைத்தவர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் நலம் விசாரித்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த இடத்தின் மேல் உண்மையான மரியாதை வந்தது.

சடங்கு மூன்று படிகளில் நடக்கும்: தொழில் பழகுநர், கைவினைஞர், மாஸ்டர் மேசன். முதல் படியில் கண்ணைக் கட்டித்தான் உள்ளே அழைத்துப் போவார்கள், முடிவில் இடுப்பில் வெள்ளை ஏப்ரன் கட்டிவிடுவார்கள். ஒரு பெரியவர் சடங்கு வசனத்தில் நீளமான பகுதியைத் தாளில்லாமல் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிட்டார், பக்கத்திலிருந்தவர் மெல்ல அடியெடுத்துக் கொடுத்தார், அவர் முகம் மாறாமல் தொடர்ந்தார். அந்த அக்கறைக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

குறையும் உண்டு. மினிட்ஸ் எனும் கூட்டக் குறிப்பு, வரவுசெலவு என்று இழுத்துக்கொண்டே போகிற கூட்டங்கள் இருக்கின்றன. பல லாட்ஜ்களுக்கும் தலைமையாக இருக்கும் அமைப்புக்கு கிராண்ட் லாட்ஜ் என்று பெயர். 1717இல் லண்டனில் தொடங்கிய கிராண்ட் லாட்ஜ் மரபில் வரும் லாட்ஜ்களில் ஆண்களை மட்டுமே சேர்க்கிறார்கள், பெண்களுக்குத் தனி அமைப்புகள். இது எனக்கு உடன்பாடில்லை. சேரும் கட்டணம், ஆண்டுச் சந்தா, ஏப்ரன், விருந்துச் செலவு எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உறுப்பினரானபின் மற்ற லாட்ஜ்களுக்கும் போகலாம், எனக்கு இதுதான் பெரிய லாபம். சந்தா கட்டியதற்கான அத்தாட்சியும் கிராண்ட் லாட்ஜ் சான்றிதழும் கையில் இருக்கட்டும், தெரிந்தவர் இல்லாத இடத்தில் வாசலிலேயே கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள். போகும் முன் உங்கள் கிராண்ட் லாட்ஜ் அந்த லாட்ஜின் கிராண்ட் லாட்ஜை அங்கீகரித்திருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள். 1877இல் பிரான்சின் தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியன்ட் இறைநம்பிக்கை விதியை நீக்கியதால் லண்டன் மரபோடு வந்த பிளவு இன்னும் தீரவில்லை, பெயர்ப்பலகையில் ஃப்ரீமேசன் என்று இருந்தால் மட்டும் போதாது.